சியோலில் ஒரு கிண்ணம் சோறு

வெளிநாடு போய்த் திரும்பியவனைச் சங்கத்து நண்பர்கள் சும்மா விடுவார்களா? "மலருக்குக் கட்டுரை ஒன்று கொடுத்தே தீர வேண்டும்" என்று செயலாளர் கட்டளை பிறப்பித்துவிட்டார். கொரிய மொழி படிக்கிற மாணவன் என்ற முறையில் 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நான் சியோல் நகரில் இருந்தேன். அரண்மனைகளைப் பார்த்தேன், ஹான் ஆற்றங்கரையில் நடந்தேன். அவற்றையெல்லாம் எழுதலாம்தான். ஆனால், எழுத உட்கார்ந்தால் என் கண்முன் வந்து நிற்பது ஒரு காகிதக் கிண்ணம். அதில் கொஞ்சம் சோறு, சோற்றின்மேல் பொரித்த கோழி. அதைப் பற்றியே எழுதுகிறேன். "போயும் போயும் சாப்பாட்டைப் பற்றித்தானா?" என்று கேட்காதீர்கள். தில்லிக்கு வந்த புதிதில் விடுதியின் ரொட்டியைக் கண்டு கண்ணீர் விட்டவர்களும், ஒரு பிடி சாம்பார் சாதத்துக்காக ராமகிருஷ்ணபுரம் வரை பஸ் ஏறிப் போனவர்களும் அல்லவா நாம்?

சியோலில் சின்சோன் என்ற பகுதியில் நான் தங்கியிருந்தேன். சுற்றிலும் பல்கலைக்கழகங்கள், ஆகவே எந்நேரமும் மாணவர் கூட்டம். என் ஜாகை ஒரு 'கோஷிவொன்'. அரசாங்கப் பரீட்சைக்குப் படிப்பவர்களுக்காக ஏற்பட்ட சிறு அறைகளுக்கு அப்படிப் பெயர். இன்று பரீட்சை எழுதாதவர்களும், வாடகை குறைவு என்பதற்காக அங்கே தங்குகிறார்கள். கட்டில், மேஜை, என் பெட்டி ஆகிய மூன்றும் அறைக்குள் நுழைந்த பிறகு நான் நுழைய இடமில்லை! கட்டிலில் ஏறி உட்கார்ந்துதான் கதவைச் சாத்துவேன். ஆனால், அந்த இடத்துக்கு ஒரு பெரும் சிறப்பு உண்டு. பொதுச் சமையலறையில் மின்சாரப் பானை நிறையச் சோறும், குளிர்பெட்டியில் கிம்ச்சியும் எப்போதும் இருக்கும். வாடகை கொடுப்பவர் யாரும் வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளலாம். தனிக் காசு கிடையாது.

இங்கே கொரிய மொழியின் அழகு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் வயலில் நிற்பதும் 'ரைஸ்', மூட்டையில் இருப்பதும் 'ரைஸ்', இலையில் விழுவதும் 'ரைஸ்'தான். நமக்கு அப்படியா? நெல் வேறு, அரிசி வேறு, சோறு வேறு. கொரியர்களுக்கும் அப்படியே. நெல்லுக்குப் 'பியோ', அரிசிக்கு 'ஸல்', சோற்றுக்குப் 'பாப்'. அதோடு நிற்கவில்லை. 'பாப்' என்றால் சோறு. சாப்பாடு என்றும் பொருள். ஒருவரை ஒருவர் கண்டால், "பாப் மொகொஸொயோ?" என்று கேட்கிறார்கள். "சாப்பிட்டீர்களா?" என்பதுதான் அது. நம் ஊர்த் திண்ணையில் கேட்கிற அதே கேள்வி! அதை வகுப்பில் முதன்முதல் கேட்டபோது என் மனம் குளிர்ந்துவிட்டது.

ஆனால், அந்தக் கேள்வியே பிறகு எனக்குப் பெரும் சங்கடமாயிற்று. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். தங்கை அந்த வருஷம்தான் நர்சிங் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். அப்பாவின் இரண்டு ஏக்கர் குத்தகை நிலம் அவளுடைய கட்டணத்துக்குப் போதாது. எனக்குக் கிடைத்த உபகாரச் சம்பளத்தில் பாதியை மாதந்தோறும் ஊருக்கு அனுப்பினேன். மீதியில் வாடகை கொடுத்து, புத்தகம் வாங்கி, ரெயிலுக்கும் கொடுத்தால், மிஞ்சுவது மதியச் சாப்பாட்டுக்கு மட்டுமே. காலையில் ஒன்றும் கிடையாது. இரவில் கோஷிவொன் சோறு. அம்மா கட்டிக் கொடுத்த பருப்புப் பொடி அக்டோபர் மாதத்தோடு தீர்ந்தது. கிம்ச்சியில் ஊறும் மீன் நெடி எனக்கு அப்போது பழகவில்லை. ஆகவே, வெறும் சோற்றில் உப்பைத் தூவித் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வேன்.

இரவு ஒன்பதரைக்கு அம்மாவுடன் பேசுவது வழக்கம். நம் நாட்டில் அப்போது மாலை ஆறு மணி. எடுத்தவுடன் அம்மாவின் முதல் வார்த்தை, "தம்பி, சாப்பிட்டியாப்பா?" என்பதுதான்.

"சாப்பிட்டேம்மா."

"என்ன சாப்பிட்டே?"

அங்கேதான் என் கற்பனா சக்தி வேலை செய்யத் தொடங்கும். ஒரு நாள் முட்டைக் குழம்பு என்பேன். இன்னொரு நாள் மீன் வறுவல் என்பேன். எங்கள் தெருமுனையில் பொரித்த கோழிக் கடை ஒன்று இருந்தது. நவம்பர் மாதக் கடைசியில் அதன் கண்ணாடியில் ஒரு பெரிய படம் ஒட்டினார்கள். வட்டக் கிண்ணத்தில் வெள்ளைச் சோறு. அதன்மேல் செக்கச் செவேலென்று கோழித் துண்டுகள். அருகே 'புதிய உணவு' என்று கொட்டை எழுத்து. அதன் பெயர் 'சிபாப்'. கொரியாவில் கோழி என்ற பறவைக்கு 'டாக்' என்று பெயர். 'சிக்கின்' என்றால் பொரித்த கோழி மட்டுமே. அந்தச் சிக்கினின் தலையையும், சோறாகிய பாப்பையும் ஒட்டவைத்துச் 'சிபாப்' ஆக்கிவிட்டார்கள். மிஞ்சிய பொரித்த கோழியைச் சோற்றோடு சேர்த்துத் தின்பதை வீடுகளில் வேடிக்கையாக அப்படிச் சொல்வதுண்டு. அதைத்தான் கடைக்காரர்களும் கிண்ணத்தில் போட்டு விற்கத் தொடங்கியிருந்தார்கள். விலை ஆறாயிரத்து ஐந்நூறு வொன். நம் காசில் ஏறக்குறைய 400 ரூபாய்.

அன்றிரவு அம்மா கேட்டபோது, சற்றும் யோசிக்காமல், "இன்னைக்குப் புதுசா ஒரு கோழிச் சோறும்மா!" என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "எப்படி இருந்துது? நம்ம ஊர் மாதிரியா?"

"அப்படியே நம்ம ஊர்தான். நல்ல காரம். நீ ஞாயித்துக்கிழமை வைக்கிற குழம்பு மாதிரியே இருந்துது."

"அப்பாடா! என் வயித்துல பாலை வார்த்தே, தம்பி" என்றாள் அம்மா.

போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. பொய் எனக்குப் புதிதல்ல. ஆனால், அன்று அம்மா பட்ட சந்தோஷம் என்னை என்னவோ செய்தது. மறுநாள் எப்படியும் அந்தச் சோற்றைத் தின்றுவிடுவது என்று முடிவு செய்தேன். ஒரு நாள் தாமதமானாலும் பொய் மெய்யாகிவிடும் அல்லவா?

மறுநாள் நவம்பர் 27-ஆம் தேதி. காலையில் கண் விழித்தால், சியோல் நகரமே வெள்ளை! நவம்பர் மாதத்தில் அவ்வளவு பனி பெய்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது என்று செய்தி சொன்னார்கள். வாழ்க்கையில் முதன்முதலாகப் பனியைப் பார்க்கிறேன். ஆனால், அதை ரசிக்கிற நிலையில் என் செருப்பு இல்லை. மாலையில் வழுக்கி வழுக்கி நடந்து கடைக்குள் நுழைந்தேன்.

உள்ளே கேட்டு எழுதிக்கொள்ள ஆள் இல்லை. வாசலருகே ஆளுயரத்துக்கு ஒரு யந்திரம் நிற்கிறது. அதன் முகத்தைத் தொட்டுத் தொட்டு வேண்டியதைத் தேர்ந்தெடுத்து, அட்டையைச் செருகிப் பணம் கட்ட வேண்டும். எனக்கு முன்னால் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். வயது எழுபதை நெருங்கும். குல்லாயில் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் ஒன்றைத் தொடுவார். யந்திரம் ஒரு கேள்வி கேட்கும். அவர் யோசிப்பதற்குள் அது பொறுமை இழந்து முதல் பக்கத்துக்கே திரும்பிவிடும். மூன்று முறை இப்படி நடந்தது. மெல்லப் பின்வாங்கி, வெளியே பெய்யும் பனியைப் பார்த்தார்.

"ஹராபொஜி, நான் உதவட்டுமா?" என்றேன். தாத்தா என்று பொருள். முன்பின் தெரியாத முதியவரையும் உறவு சொல்லி அழைப்பது அங்கேயும் உண்டு.

அவர் என் கறுத்த முகத்தையும் யந்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "எழுத்தெல்லாம் படிக்க முடிகிறது, மாணவனே. என்ன சொல்கிறது என்றுதான் விளங்கவில்லை" என்றார்.

விளங்காததில் ஆச்சரியமில்லை. ஸேஜொங் மன்னர் 1446-இல் மக்களுக்கு அளித்த அருமையான எழுத்துத்தான். ஆனால், அந்த எழுத்தில் எழுதியிருந்தவை ஆங்கிலச் சொற்கள்! 'தெயிகு அவுத்' என்றிருந்தது. 'டேக் அவுட்'டாம், வீட்டுக்கு எடுத்துப்போவதாம். 'ஸொஸு' என்றிருந்தது, 'ஸாஸ்'! அவருடைய ஊரில், அவருடைய எழுத்தில் இருந்ததை அவருக்கு விளக்க, காவிரிக் கரையிலிருந்து ஒருவன் வரவேண்டியிருந்தது. சிரிப்பதா, வருந்துவதா? நம் ஊர்க் கடைப் பலகைகளை நினைத்துக்கொண்டேன், சிரிக்கத் தோன்றவில்லை.

"நீ எதைச் சாப்பிடப் போகிறாய்?" என்று கேட்டார். படத்தைக் காட்டினேன். "எனக்கும் அதுவே" என்றவர், நான் இரண்டாவது கிண்ணத்தைத் தேர்ந்தெடுத்த கணத்திலேயே தம் அட்டையைச் செருகிவிட்டார். "ஐயையோ, வேண்டாம்" என்று பதறிப் பணத்தை நீட்டினேன். வாங்கவில்லை. மூத்தவர் இருக்கும்போது இளையவன் காசு கொடுப்பது அங்கே வழக்கமில்லை.

இருவரும் ஒரு மேஜையில் உட்கார்ந்தோம். அவர் தினமும் சாப்பிடுகிற சூப்புக் கடை பனியின் காரணமாக மூடிக் கிடந்ததாம். வீட்டில் தனி ஆள். இந்தக் கடையைப் பல வருஷங்களாகக் கடந்து போயிருந்தும் உள்ளே வந்தது அன்றுதான்.

அப்போது அவருடைய கைபேசி ஒலித்தது. எடுத்தார். எதிர்ப்புறத்துப் பெண்குரல் எனக்கும் தெளிவாகக் கேட்டது.

"அப்பா! பாப் மொகொஸொ?"

நண்பர்களே, என் காதுகளை என்னால் நம்ப முடியவில்லை! கொரியர்களும் தந்தையை 'அப்பா' என்றே அழைப்பார்கள் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஆனால், அந்தப் பனிக்கால மாலையில், பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்பது வேறு. 'அப்பா, சாப்பிட்டாச்சா?' மகள் பூசான் நகரத்திலிருந்து பேசுகிறாள் என்று பிறகு தெரிந்தது.

பெரியவர் எங்கள் வெறும் மேஜையைப் பார்த்தார். "சாப்பிட்டேன், சாப்பிட்டேன்" என்று உரக்கச் சொன்னார். "வயிறு நிறையச் சாப்பிட்டேன். நீ குழந்தைகளைக் கவனி" என்று போனை வைத்துவிட்டார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

"நானும் என் அம்மாவிடம் தினம் இதைத்தான் சொல்கிறேன்" என்றேன். எப்படி என் வாயிலிருந்து வந்ததோ, தெரியாது. இரண்டு மாதமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டேன்.

அவர் பதில் சொல்வதற்குள் எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். கிண்ணங்கள் வந்தன.

சுவையைச் சொல்லாவிட்டால் நீங்கள் விடமாட்டீர்கள். முதல் துண்டை வாயில் போட்டேன். மேலோடு மெல்லியதாய், மொறுமொறுவென்று உடைந்தது. இரண்டு முறை எண்ணெயில் பொரிப்பதால் அப்படி வருகிறது. அதுவரையில் சரி. அடுத்த கணம், என்ன இது! ஒரே தித்திப்பு! கொச்சுஜாங் என்ற புளித்த மிளகாய் விழுதோடு பூண்டையும் சர்க்கரைப் பாகையும் சேர்த்துக் காய்ச்சிய குழம்பை அதன்மேல் பூசியிருந்தார்கள். கோழிக் குழம்பில் யாரோ அச்சுவெல்லத்தைத் தவறிப் போட்டுவிட்டது போலிருந்தது. காரம் என்பது எங்கோ பின்னால், வெட்கப்பட்டுக்கொண்டு வந்தது. நவம்பர் 26-ஆம் தேதி இரவு நான் அம்மாவிடம் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மெய்யில்லை! மெய்யாக்க வந்த இடத்தில் பொய் இரண்டு மடங்காயிற்று.

சோறும் நம் சோறு அல்ல. குட்டை அரிசி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். கையால் பிசையவும் முடியாது. கரண்டியால்தான் உண்ண வேண்டும். ஆனால், பாதிக் கிண்ணத்துக்குமேல் ஒரு மாறுதல் ஏற்பட்டது. குழம்பு அடிச்சோற்றில் இறங்கி ஊறியிருந்தது. தித்திப்பு அடங்கி, மிளகாயும் பூண்டும் எழுந்து வந்தன. நடுவே வெள்ளை முள்ளங்கி ஊறுகாயைக் கடித்தால் நாக்கு புதுசாகிறது. எனக்குப் பிடிக்கத் தொடங்கிவிட்டது. மிளகாய் அவர்களுக்கும் நமக்கும் கடல் கடந்து வந்த விருந்தாளிதான். அவர்கள் அதைப் பாகில் குளிப்பாட்டினார்கள். நாம் புளியில் குளிப்பாட்டினோம். வித்தியாசம் அவ்வளவே.

"உங்கள் ஊர்ச் சோறு ஒட்டாதாமே?" என்று கேட்டார் பெரியவர்.

"ஒட்டாது, பொலபொலவென்று இருக்கும்."

"எங்களுக்கும் ஒரு காலத்தில் ஒட்டாத அரிசி இருந்தது" என்று அவர் கதை சொல்லத் தொடங்கினார். அவருடைய பள்ளிக்கூட நாட்களில் நாட்டில் அரிசிப் பஞ்சம். சோற்றில் வாற்கோதுமை கலந்து உண்ண வேண்டுமென்பது சர்க்கார் உத்தரவு. 1969 முதல், புதனும் சனியும் பகலில் உணவு விடுதிகளில் சோறே விற்கக் கூடாதென்று தடை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியையும் திறந்து பார்ப்பாராம்! வெள்ளைச் சோறு கொண்டுவந்த பிள்ளைகள் மேலே கொஞ்சம் வாற்கோதுமையைப் பரப்பி மறைப்பார்களாம்.

பிறகு, 1972 முதல் 'தோங்கில்' என்ற புதிய நெல் பரவியது. விளைச்சல் மிகுதி, 1977-இல் நாடு தன்னிறைவு அடைந்தது, சோற்றுத் தடைகளும் நீங்கின. ஆனால், அந்த அரிசி ஒட்டாது, சுவையும் போதாது என்பதால் வயிறு நிறைந்த பிறகு மக்கள் அதைக் கைவிட்டார்கள். இதில் எனக்கு ஒரு வியப்பு உண்டு. பிலிப்பைன்ஸில் உருவான அந்தத் தோங்கிலின் பெற்றோரில் ஒன்று ஐ.ஆர். 8. எங்கள் தாத்தா தஞ்சைச் சீமையில் நட்டாரே, "ஐ.ஆர். எட்டு, ஐ.ஆர். எட்டு" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாரே, அதே நெல்! எங்கள் வயலுக்கும் இந்தப் பெரியவரின் பிள்ளைப் பருவத்துக்கும் ஒரு சொந்தம் இருக்கத்தான் செய்தது.

இன்று அங்கே நிலைமை தலைகீழ். 1970-இல் ஒரு கொரியர் வருஷத்துக்கு 136 கிலோ அரிசி உண்டார்; 2024-இல் 55.8 கிலோதான். ரொட்டியும் நூடுல்ஸும் இறைச்சியும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஒரு காலத்தில் சோற்றை மறைத்து உண்ட நாட்டில், இப்போது கோழியை மேலே வைத்துச் சோற்றை விற்கிறார்கள்.

பெரியவர் கிண்ணத்தின் அடியைச் சுரண்டி, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். பிறகு சொன்னார்:

"என் பெட்டியில் அடியில் வெள்ளைச் சோறு இருக்கும். 'உனக்கு எங்கே, அம்மா?' என்று கேட்டால், 'நான் அப்போதே சாப்பிட்டேன்' என்பாள். நான் நம்பினேன். என் முன்னால் சோறு இருந்தது. நம்புவது சுலபமாக இருந்தது."

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. குல்லாயை மாட்டிக்கொண்டு எழுந்தார். வாசலில் கையைப் பிடித்து அழைத்துச்சென்று, வழுக்காத இடம்வரை கொண்டுவிட்டேன். "மாணவனே, சாப்பாட்டை விடாதே" என்று முதுகில் தட்டிவிட்டுப் பனியில் நடந்து போய்விட்டார். பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

அன்றிரவு ஒன்பதரைக்குப் போனை எடுத்தேன்.

"தம்பி, சாப்பிட்டியாப்பா?"

"சாப்பிட்டேம்மா. கோழிச் சோறு. இன்னைக்குத்தான் சாப்பிட்டேன். நேத்துச் சொன்னது பொய். அது காரமே இல்லை, ஒரே இனிப்பு."

அம்மா பேசவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். முட்டைக் குழம்பு பொய், மீன் வறுவல் பொய், பொடி தீர்ந்து ஒரு மாதமாயிற்று என்பதையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"எனக்குத் தெரியும்ப்பா. முகம் ஒட்டிப்போனது போன்லயே தெரியுதே. கேட்டா நீ வருத்தப்படுவேன்னு விட்டுட்டேன்" என்றாள்.

அப்போதுதான் பெரியவர் சொன்னது என் நினைவுக்கு வந்தது. இருபத்துமூன்று வயதாகிறது எனக்கு. எத்தனை ஆயிரம் முறை அம்மா என்னைக் கேட்டிருப்பாள்! நான் ஒரு முறையாவது திருப்பிக் கேட்டிருக்கிறேனா?

"நீ சாப்பிட்டியாம்மா?" என்றேன்.

எதிர்பாராத கேள்வி போலும். கொஞ்ச நேரம் மௌனம். பின்னால் காக்கைகள் கத்துவது கேட்டது.

"இனிமேதான்ப்பா."

"மத்தியானம்?"

"காலையில கொஞ்சம் பழையது இருந்துது... நடவுக்குப் போயிட்டேன்..."

மணி அங்கே ஆறு. "வைக்காதே. தட்டை எடுத்துட்டு வா. நீ சாப்பிடற வரைக்கும் நான் பேசிக்கிட்டிருக்கேன்" என்றேன். அம்மா முதலில் சிரித்தாள். பிறகு எழுந்து போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அந்த இனிப்புக் கோழியைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்லத் தொடங்கினேன். "கோழியில வெல்லமா? கஷ்டகாலம்!" என்று அவள் சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள். டிசம்பரில் நான் கிளம்பும்வரை தினமும் அப்படித்தான். கிம்ச்சியும் எனக்குப் பழகிவிட்டது. தங்கையின் கட்டணத்துக்கு அனுப்பும் தொகையைக் கொஞ்சம் குறைத்து, மீதியை அப்பா சொஸைட்டியில் கடன் வாங்கிக் கட்டினார்.

நண்பர்களே, இன்று இரவும் நம் விடுதி அறைகளில் போன் ஒலிக்கும். அதே கேள்வி வரும். உங்கள் பதில் மெய்யோ, பொய்யோ, நான் அறியேன். பதில் சொன்ன பிறகு உடனே வைத்துவிடாமல், அந்தக் கேள்வியை ஒரு முறை நீங்களும் கேட்டுப் பாருங்கள்.